நீலப் பென்சில் குறி

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகந்தானே? தங்கச்சியின் பல்வலி நின்றதா, அல்லது உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் வலிக்கிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அக்காவும் நலம்.

நீ கடைந்து அனுப்பிய இன்ஜின் மவுண்டுகள் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. உடைசல் வேனிலிருந்து கழற்றிய டர்போ டீசல் இன்ஜின் இப்போது என் காரின் மூக்குக்குள் இருக்கிறது. பெட்ரோல் காரில் டீசல் இன்ஜினைப் போடப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து பம்ப் ஹவுஸில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. இனி சிரிப்பார்களா பார்க்கலாம்.

பாக்கி ஒரே ஒரு சாமான். இன்ஜின் வேனுடையது, கியர் பெட்டி காருடையது. இதன் ஓட்டைகளும் அதன் ஓட்டைகளும் ஒத்துப்போகாது. நடுவில் ஒரு இணைப்புத் தகடு வேண்டும். இன்ஜினின் பின்முகத்தில் அட்டையை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, எல்லா ஓட்டைகளுக்கும் அச்சு எடுத்திருக்கிறேன். கியர் பெட்டியின் ஓட்டைகளையும் அளவுகளையும் அதே அட்டையில் குறித்துவிட்டேன். போனில் சொல்கிற அளவு உன் எந்திரத்தில் ஏறாது என்று நீ சட்டம் போட்டிருக்கிறாயே, அதனால்தான் இந்தத் தபால்.

ஏப்ரல் முடிவதற்குள் தகடு எனக்கு வேண்டும். வண்டி தானாக ஓடிக் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டும். இது ஓடாவிட்டால் எனக்கு வீடே இல்லை என்று வைத்துக்கொள். மேற்கொண்டு எதுவும் கேட்காதே.

உன் அத்தான்


மார்ச் 18

அன்புள்ள அத்தானுக்கு,

அட்டை மடங்காமல் வந்து சேர்ந்தது. உங்கள் தங்கச்சி பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். இப்போது வலியில்லாமல் என்னைத் திட்டுகிறாள்.

உங்களுக்கு என்ன திடீர் அவசரம்? மூன்று வருஷமாக அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், ஒரு தடவைகூட எனக்குக் கெடு வைத்ததில்லை. டர்போவுக்கு வளைவுக் குழாய் கேட்டபோது, "அடுத்த வருஷம் குடுத்தாலும் சரிடா" என்று சொன்ன ஆள் நீங்கள்.

இரண்டு சந்தேகம். தகடு எத்தனை கனம் வேண்டும்? இன்ஜினோடு பிடிக்கும் போல்ட்டுகளின் தலை தகட்டுக்குள் புதைய வேண்டும், இல்லாவிட்டால் கியர் பெட்டி மேலே உட்காராது. அந்தத் தலைகளுக்கு எத்தனை ஆழம் குழி போடட்டும்?

இன்னொன்று. அக்கா ஏன் அடியில் இரண்டு வரி எழுதவில்லை? உங்கள் கடிதம் எப்போதும் நட்டு, போல்ட்டு என்று முடியும். அதற்கடியில் அவள், "சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டாயா" என்று எழுதுவாள். இந்தத் தடவை உங்கள் கோழிக் கிறுக்கலும் எண்ணெய்க் கறையும்தான் வந்திருக்கின்றன.

அன்புடன்,
அரைநூல்

(நீங்கள் வைத்த பெயர்தான். அரை நூல் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காதாம். இப்போது எங்கள் பட்டறையிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.)


மார்ச் 29

மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் வேண்டுகிறேன்.

கனம் பதினாறு மில்லிமீட்டர். குழி பத்து மில்லிமீட்டர் ஆழம். அலுமினியம் போதும். உன் அக்காவுக்குக் கைநிறையத் தையல் வேலை. பேனா எடுக்க நேரமில்லை. போதுமா விளக்கம்?

நீ தகட்டைக் கவனி. பம்ப் ஹவுஸில் இரண்டு மோட்டார்கள் படுத்துவிட்டன, ஊரே குடத்தோடு என்னைத் திட்டுகிறது. வீட்டுக்கு வந்தால் பாதி வண்டி என்னை முறைக்கிறது. இதற்கு நடுவில் உன் குறுக்கு விசாரணை வேறு.

அத்தான்


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே அனைவரும் நலமே. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்தில்கூடப் படபடப்பு தெரிகிறது.

தகடு தனிப் பார்சலில் வருகிறது. பதினெட்டு நாள் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து செய்தேன். எங்கள் மேஸ்திரி ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னடா இது, கப்பலுக்கா காருக்கா?" என்றார். "என் அக்கா வீட்டுக்காரர் மானத்துக்கு" என்றேன். அவர் தகட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கொடுத்துவிட்டுப் போனார். அவர் குறை சொல்லாமல் போவது வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும்.

மொத்தம் பதினாலு ஓட்டை. நடுவட்டம் பிசகாமல் இருக்க, இன்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகளுக்குத் துல்லியமாகத் துளை எடுத்திருக்கிறேன். முதலில் முளைகளில் உட்கார வையுங்கள், பிறகு போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். சுத்தியலைத் தொடாதீர்கள். உங்களைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

அக்காவிடம் முதலில் காட்டுங்கள். வேலை சுத்தமா இல்லையா என்று அவள்தான் ஒழுங்காகச் சொல்வாள்.

அன்புடன்,
அரைநூல்


மே 2

மச்சானுக்கு,

உன் சுகத்தை விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டா தகட்டைச் செய்தாய்? கியர் பெட்டிப் பக்கமிருந்து பார்த்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் வலதுபுறம் இருக்கிறது. உன் தகட்டில் அதற்கான வாய் இடதுபுறம். சரி, திருப்பி வைப்போம் என்று திருப்பினேன். ஓட்டையெல்லாம் ஒன்று விடாமல் பொருந்துகிறது! ஆனால் போல்ட் தலைக்கான குழிகள் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. தலையை எந்தப் பக்கமிருந்து விடுவேன்? இன்ஜினுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டா முடுக்குவேன்? மறுபக்கமும் குழி போடலாமா என்று பார்த்தேன். பதினாறு மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு பக்கமும் பத்துப் பத்தாகக் குடைந்தால் போல்ட் தலையோடு மறுபக்கம் வந்து விழும்.

கண்ணாடியில் பார்த்துச் செய்ததுபோல, எல்லாம் சரியாக, எல்லாம் தலைகீழாக. இரண்டு மாதம் காத்திருந்தது இதற்குத்தானா? கோபத்தில் அதைக் கொட்டகைச் சுவரில் எறிந்தேன். சுவர்தான் பெயர்ந்தது, தகட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. அதைப் பார்த்து இன்னும் எரிச்சல் வந்தது.

உன்னை நம்பிய என் புத்தியைச் சொல்ல வேண்டும்.


மே 15

அத்தானுக்கு,

நானும் நலம் விசாரிக்கவில்லை. கணக்கு நேர்.

உங்கள் அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். அது மின்விசிறி வந்த பெட்டியின் அட்டை. ஒரு பக்கம் வழவழப்பாகப் படம், மறுபக்கம் வெறும் அட்டை. படத்தின்மேல் பேனா ஓடாது என்று வெறும் பக்கத்தில் அளவை எழுதிவிட்டீர்கள். ஆனால் அந்த வெறும் பக்கத்தைத்தான் இன்ஜினோடு ஒட்டவைத்து அச்சு எடுத்திருக்கிறீர்கள். எழுதிய பக்கம் கியர் பெட்டியைப் பார்க்கும் வெளிப்பக்கம் என்று நினைத்து நான் குழி குடைந்தேன். எந்தப் பக்கம் எங்கே பார்க்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என் பதினெட்டு நாள் பிழைத்திருக்கும். என் கண் பிடரியில் இல்லை. உங்கள் மூளை எங்கே இருந்தது?

இவ்வளவும் எழுதிவிட்டு, உங்களை இன்னும் நாலு வார்த்தை கேட்பதற்காக என் மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய அட்டைகளை எடுத்தேன். மவுண்டுக்கு இரண்டு, ஃபிளைவீல் வளையத்துக்கு ஒன்று, குழாய் வாய்களுக்கு நாலு. ஏழிலும் ஒரு மூலையில் நீலப் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி, பக்கத்தில் "நல்ல பக்கம்" என்று அக்காவின் கையெழுத்து. வெளியே தெரிய வேண்டிய பக்கம் எது என்று, துணி வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் அப்படித்தானே போடுவாள். நீங்கள்கூட, "காருக்கு ஜாக்கெட் தைக்கப் போறாளாம்" என்று ஒருமுறை கேலி செய்து எழுதியிருந்தீர்கள்.

மூன்று வருஷமாக என் வேலை தப்பாமல் வந்தது அந்தக் குறியினால்தான். எட்டாவது அட்டையில் அது இல்லாததை நான் கவனித்திருக்க வேண்டும். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

தையல் வேலை எவ்வளவு இருந்தாலும் ஒரு பெருக்கல் குறி போட எத்தனை நேரம் ஆகும்? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

அக்கா எங்கே, அத்தான்?


ஜூன் 6

அத்தானுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டேன். நீங்கள் வெளியே போயிருப்பதாக உங்கள் குரலிலேயே சொன்னார்கள்.

எழுதுங்கள்.


ஜூன் 19

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் இருவர் சுகத்தையும் மனதார வேண்டி எழுதுகிறேன். போனில் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாயே. எனக்கு நடிக்க வராது.

உன் அக்கா பிப்ரவரி பதினொன்றாம் தேதி போய்விட்டாள். உன் பெரியக்கா வீட்டில் இருக்கிறாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று பெரியவளிடம் அவளே சொல்லிவைத்தாளாம், தூரத்தில் இருக்கிறவன் பயந்துபோவான் என்று.

கொட்டகை அவளுடைய தையல் அறை என்பது உனக்குத் தெரியும். இரண்டு வாரம் என்று சொல்லி வண்டியை உள்ளே விட்டேன், மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவள் தையல் எந்திரத்தைச் சமையலறை வாசலுக்கு நகர்த்திக்கொண்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டு போவோம். அன்றைக்கு மருத்துவமனை நர்ஸ்களுக்கு இருபத்திரண்டு வெள்ளைச் சீருடைகள் தைத்து முடித்து, வீட்டில் இடமில்லாமல், கொட்டகைக் கொடியில் மாட்டிவைத்திருந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டும். நான் இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி, வேனின் பழைய கியர் பெட்டியோடேயே கிளப்பிப் பார்த்தேன். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி வருகிற குழாய் சரிவாக இறங்க வேண்டும். நான் மட்டமாக விட்டிருந்தேன். எண்ணெய் தேங்கி, டர்போவுக்குள் ஏறி, புகைக்குழாய் வழியாகக் கறுப்பாகக் கொப்பளித்தது. இருபத்திரண்டும் போயிற்று.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சோப்பு போட்டா போயிடும், விடு" என்றேன். அதோடு நிறுத்தவில்லை மச்சான். "சத்தத்தைக் கேட்டியா? இன்ஜின் எப்படி உறுமுது பாரு" என்றும் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "இந்த வண்டி என்னைக்குத் தன் காலால இந்தக் கொட்டகையை விட்டு வெளியே வருதோ, அன்னைக்கு அதுல ஏறி வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் வராதீங்க" என்றாள். நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஏப்ரலுக்குள் என்று உன் உயிரை எடுத்தேன்.

வீட்டில் எங்கே இடித்துக்கொள்ளப் போகிறோம் என்று இன்னும் ஒதுங்கித்தான் நடக்கிறேன். எந்திரம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு தகடு செய்து கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அத்தான்


ஜூலை 1

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இல்லை என்று இப்போது தெரிகிறது.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான் இருந்தது. நாலரை மாதம், அத்தான்! பஸ் ஏறினால் ஒரு பகல் தூரம். அவள் கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தகட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

தகடு செய்கிறேன். உலோகமும் வாங்கிவிட்டேன். ஒரே நிபந்தனை. அட்டையில் அக்காவின் குறி இருக்க வேண்டும். குறி போடாத அட்டை இனிமேல் என் எந்திரத்தில் ஏறாது.

அரைநூல்


ஜூலை 12

மச்சானுக்கு,

சுகம் கிடக்கட்டும். நீ என்ன நீதிபதியா? வண்டி ஓடாமல் நான் அங்கே போக முடியாது. அங்கே போகாமல் குறி கிடைக்காது. குறி இல்லாமல் நீ தகடு தரமாட்டாய். தகடு இல்லாமல் வண்டி ஓடாது. செக்கு மாடாக என்னைச் சுற்ற விட்டு வேடிக்கை பார்க்கிறாயா?

போகட்டும். கேட்டதை அனுப்பியிருக்கிறேன். குறி மூலையில் இருக்கிறது, பார்த்துக்கொள். உடனே வேலையை ஆரம்பி.

அத்தான்


ஜூலை 25

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம், குறிப்பாக நான். இந்த மாதம் இவ்வளவு சிரித்ததில்லை.

அக்கா பென்சிலைத் துணிமேல் ஓட்டுவதுபோல லேசாக ஓட்டுவாள். நீங்கள் ஆணி அடிப்பதுபோல அழுத்தியதில் அட்டையில் பள்ளம் விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே உங்கள் கட்டைவிரல் எண்ணெய் ரேகை. அவள் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்தீர்கள், சரி, கையையாவது கழுவிவிட்டு எடுத்திருக்கக் கூடாதா?

இதிலும் ஒரு கூத்து. குறியைத் தப்பான பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். ஸ்டார்ட்டர் வாய் மறுபடியும் இடதுபுறம் வருகிறது. இதை நம்பி வெட்டியிருந்தால் இன்னொரு தகட்டைச் சுவரில் எறிந்திருப்பீர்கள்.

அப்படியானால் எந்தப் பக்கம் சரி என்று உனக்குத் தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும். உங்கள் மே மாதக் கடிதத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். தகடு செய்ய எனக்கு அந்தக் குறி தேவையில்லை. நீங்கள் அதை வாங்கப் போக வேண்டும், அதற்காகத்தான் தேவை.

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். மடக்காமல் எடுத்துப் போங்கள்.

அரைநூல்


ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அவளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்களா? பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா? ஆறு மாதமாக உனக்கு எழுதாததற்கு என்னைக் கோபித்துக்கொள். அந்த மனுஷனோடு சேர்த்துக் கோபித்துக்கொள்ளாதே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் பெரியக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம், உட்கார்ந்தால் அட்டை மடங்கிவிடும் என்று. ஆறு மாதம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்க்கிறவர் என்ன கேட்பார்? "எப்படி இருக்கே" என்பார், "மன்னிச்சிடு" என்பார். இவர் அட்டையை நீட்டினார். "வண்டி இன்னும் ஓடலை. உன் தம்பி உன் குறி இல்லாம வேலை செய்யமாட்டேங்கிறான். நானே போட்டேன், அதுவும் தப்பாப் போச்சு. நல்ல பக்கம் எதுன்னு எனக்குத் தெரியலை. நீயே சொல்லு" என்றார். பெரியக்கா உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். "இன்ஜினைப் பார்க்காம பக்கம் எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன். குறியைப் போட்டுவிட்டு மறு பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன், பையைக்கூட எடுக்கவில்லை.

வந்து பார்த்தால் வண்டி சந்தில் நிற்கிறது, தார்ப்பாய் மூடி. பம்ப் ஹவுஸ் ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி வெளியே விட்டிருக்கிறார். கொட்டகைத் தரையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார், கறை முழுசாகப் போகவில்லை. என் எந்திரம் ஜன்னலோரம், மூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே இடத்தில் இருக்கிறது. கொடியில் ஒரே ஒரு வெள்ளைச் சீருடை. இருபத்திரண்டில் ஒன்றை எடுத்துவைத்து, விதவிதமான சோப்பு போட்டுத் துவைத்துப் பார்த்திருக்கிறார். "போகலை" என்றார். "எத்தனை தடவை துவைச்சும் போகலை. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தன் காலால் வெளியே வரட்டும் என்று நான் சொன்னேன். தள்ளி வெளியே வந்தது அதில் சேருமா என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. கோபம் பாதிதான் இறங்கியிருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மறுபடியும் ஏறுகிறது. என் பையைப் பெரியக்கா நேற்று பார்சலில் அனுப்பிவிட்டாள், நான் கேட்கவேயில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, அட்டையை இன்ஜினோடு வைத்து, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் குறி போட்டிருக்கிறேன். அவர் போட்ட குறியை அழிக்க வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். என்னுடையது மறுபக்கம் இருக்கிறது. அதை நம்பி வெட்டு.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்யாதே, சாப்பிடு. ஏப்ரலுக்குள் என்று அவர் வைத்த கெடுவெல்லாம் போகட்டும். இனிமேல் அவசரம் இல்லை, நிதானமாகச் செய்.

கொட்டகையிலிருந்து,
அக்கா